அடுத்த பக்கத்தின் முதல் சொல்

இஸ்மிர், யூத ஆண்டு 5524
கூடாரப் பண்டிகைக்கு அடுத்த வாரம்

அன்புள்ள அண்ணன் ஹஸ்தாய்க்குத் தங்கை எஸ்த்ரெயா எழுதிக்கொண்டது. ஆண்டவன் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். மூட்டுவலி எப்படி இருக்கிறது? லிவோர்னோவின் ஈரக்காற்று அதற்கு ஆகாது என்று நான் சொல்லி நீங்கள் கேட்டதில்லை, இனியும் கேட்கப்போவதில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் கணவர் போன படகு வளைகுடாவில் கவிழ்ந்து ஆறு வருஷமாகிறது. இன்னும் நாத்தனார் வீட்டில்தான் இருக்கிறேன். ரொட்டி தருகிறாள், கூடவே ஒரு பெருமூச்சும் தருகிறாள். கல்யாண வீட்டில் என்னை எங்கே உட்காரவைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. சுமங்கலிகளோடும் சேர்க்க முடியவில்லை, விதவைகளோடும் சேர்க்க முடியவில்லை. இப்போது மாஸ்லியா என்று ஒருவர் என்னைக் கேட்டிருக்கிறார். அத்திப்பழ வியாபாரி, மனைவியை இழந்தவர், இரண்டு பெண் குழந்தைகள். நல்ல மனிதர். எனக்குப் பிடித்திருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் நம் சபையின் மத மன்றம் விடவில்லை. உடல் கிடைக்கவில்லை அல்லவா? கரை காணாத நீரில் போனவனின் மனைவி மறுமணம் செய்யக் கூடாது என்பது சட்டம். மதகுருக்களில் ஹாக்காம் பலோம்போ மட்டும் ஒரு வழி சொன்னார். ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் சலோனிக்காவில் முதன்முதலாக அச்சடித்த புத்தகங்களில், ஹாக்காம் இசாக் பெர்மூதெஸின் கேள்வி பதில்கள் என்று ஒன்று உண்டாம். அதில் என் வழக்கைப் போலவே ஒரு வழக்கு இருக்கிறதாம். வளைகுடாதான், ஆனால் மலைமேல் நின்றால் சுற்றிலும் கரை தெரியும். அது கரை காணாத நீரா, கரையுள்ள நீரா? கரையுள்ளது என்றால் அவர் இறந்தவர், நான் விதவை. ஹாக்காமின் பிரதி இந்த ஊரில் பிடித்த பெரிய தீயில் போய்விட்டது. "ஞாபகத்த நம்பி ஒரு பொண்ணோட தலையெழுத்த மாத்த முடியாதும்மா. அச்சுல பாக்கணும். உங்கண்ணன் பழைய புத்தகத்துக்குள்ளேயே குடித்தனம் பண்றவராச்சே, எழுதிக் கேளு" என்றார். எழுதிவிட்டேன்.

உங்கள் தங்கை
எஸ்த்ரெயா

லிவோர்னோ
ஹனுக்கா பண்டிகையின் மூன்றாம் நாள்

அன்புத் தங்கை எஸ்த்ரெயாவுக்கு. நீ நூறு வயது இருக்க வேண்டும். மூட்டுவலி என்னோடுதான் இருக்கிறது, வாடகை கொடுக்காமல்.

கிடைத்துவிட்டது! பீசாவில் ஒரு வீட்டில் ஆடுகிற அலமாரிக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். உலகத்தில் நாலு பிரதிகூட மிஞ்சியிருக்காத புத்தகம், அலமாரிக் காலுக்குக் கீழே! அந்த வீட்டம்மாளை நான் திட்டிய திட்டில் அவள் பாதி விலைக்கே கொடுத்துவிட்டாள். அட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது, யாரோ திராட்சை ரசத்தை வேறு சிந்தியிருக்கிறார்கள். ஆனால் ஏடு ஏடாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் குறையவில்லை.

உன் வழக்கு எழுபத்தோராம் கேள்வி. எடுத்த எடுப்பிலேயே "ரூபேன் படகேறிப் போனான்" என்று தொடங்குகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் என்னையே கடிந்துகொண்டேன். இந்தப் புத்தகங்களில் யாருடைய உண்மைப் பெயரையும் போடுவதில்லை. கணவன் என்றால் ரூபேன், எதிராளி சிமியோன், மனைவி லேயா. என் கூட்டாளி சொல்வான்: "ரூபேன்ல பாதிப் பேரு கடல்ல மூழ்கிடுவான், மீதிப் பேரு சிமியோன் மேல வழக்குப் போடுவான்." நம் மாப்பிள்ளைக்கு நிஜமாகவே அந்தப் பெயர் அமைந்தது அவர் நேரம்.

பதிலை நிதானமாகப் படித்து, படியெடுத்து அனுப்புகிறேன். நாளை முடியாது. மால்ட்டாவில் அடிமைகளாகக் கிடந்தவர்களில் சிலரை நம் சபை மீட்டுக்கொண்டு வருகிறது. அவர்கள் பேசுவது புரிய ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாஸ்லியாவுக்கு என் வாழ்த்தைச் சொல்.

உன் அண்ணன்
ஹஸ்தாய்

லிவோர்னோ
ஷெவாத் மாதம்

எஸ்த்ரெயாவுக்கு, நலமாக இரு.

முன்பு அவசரத்தில் எழுதிவிட்டேன். பதில் இருக்க வேண்டிய ஏடு புத்தகத்தில் இல்லை. எப்படிக் கவனிக்காமல் விட்டேனோ தெரியவில்லை. வேறு பிரதி கிடைப்பது சந்தேகம். மாஸ்லியாவிடம் எதையும் உறுதியாகச் சொல்லிவைக்காதே.

ஹஸ்தாய்

இஸ்மிர்
முதல் அதார் மாதம்

அன்புள்ள அண்ணனுக்கு, ஆண்டவன் காவல் இருக்கட்டும். உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே கப்பலில் வந்தன. முதல் கடிதத்தைப் படித்துவிட்டு நாத்தனாரைக் கட்டிக்கொண்டேன், அவளே பயந்துபோனாள். இரண்டாவதைப் படித்த பிறகு அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அண்ணா, மூன்று மேசை தள்ளி ஒருவன் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துகிறவர் நீங்கள். ஒரு ஏடு இல்லாததைக் கவனிக்காமல் விட்டீர்களா? நீங்கள் அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கடிதத்தில் மூட்டுவலி பற்றி ஒரு வார்த்தை இல்லை. உடம்பு சரியில்லையா?

ஏடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, புத்தகத்தை அப்படியே அனுப்பச் சொல்கிறார் ஹாக்காம் பலோம்போ. கேள்வி எப்படிக் கேட்கப்பட்டிருக்கிறது என்றாவது பார்க்கலாம் என்கிறார். மாஸ்லியாவின் அக்காள் அவருக்கு மனிசாவில் வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அவர் இன்னும் தலையாட்டவில்லை. அனுப்புங்கள்.

எஸ்த்ரெயா

லிவோர்னோ
பூரிம் பண்டிகை முடிந்து

அன்புத் தங்கைக்கு. உடம்பு பரவாயில்லை. குளிர்காலம் இந்த வருஷம் போக மாட்டேன் என்கிறது.

புத்தகத்தை அனுப்ப எனக்கு மனமில்லை. கடல் வழி, நனைந்தால் போயிற்று. ஆனாலும் நீ கேட்டுவிட்டாய். மெழுகுத் துணியில் சுற்றி, நம்பகமான கப்பல்காரனிடம் கொடுத்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பச் சொல்.

எஸ்த்ரெயா, மாப்பிள்ளைக்கு விருப்பமான சாப்பாடு எது? வெள்ளிக்கிழமைகளில் அவர் பாடுகிற பாட்டு ஒன்று உண்டே, அதன் முதல் அடி என்ன? சும்மாதான் கேட்கிறேன். வயதாகிறது, பழையவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

ஹஸ்தாய்

இஸ்மிர்
பாஸ்காவுக்குப் பின்

அண்ணன் ஹஸ்தாய்க்கு. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை.

புத்தகம் வந்தது. ஹாக்காம் பலோம்போ கையைக் கழுவிக்கொண்டு, என்னை எதிரே உட்காரவைத்து, எழுபத்தோராம் கேள்வியைத் திறந்தார். கேள்வி முழுசாக இருக்கிறது. அடுத்த ஏடு இல்லை. கிழிந்து விழவில்லை, முதுகை ஒட்டிக் கத்தியால் வெட்டியிருக்கிறது. அவர் விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். "புத்தகத்தோட ஓரமெல்லாம் புகையிலை நிறத்துல இருக்கு. இந்த வெட்டு மட்டும் வெள்ளையா இருக்கேம்மா. நேத்து வெட்டின மாதிரி" என்றார்.

அவர் முந்தின பக்கத்தின் கீழ் மூலையில் விரலை வைத்தார். கடைசி வரிக்கும் கீழே, தனியாக ஒரே ஒரு சொல். "பழைய அச்சுக்காரங்க வழக்கம் இது. தாளக் கட்டுறவன் வரிசைய மாத்திடக் கூடாதுன்னு, அடுத்த பக்கத்தோட முதல் சொல்ல இந்தப் பக்கத்து மூலைல போட்டு வெப்பாங்க. ஏடு போனாலும் அதோட முதல் சொல் இங்க நிக்குது பாரு." அவரே வாசித்தார்: "தடையற்றவள்."

"அப்ப தீர்ப்பு எனக்குச் சாதகமா?" என்று கேட்டேன். "ஒத்தச் சொல்ல வெச்சு உன்ன விடுவிக்க முடியாதும்மா. 'தடையற்றவளா?'ன்னு கேள்வியாக்கூட இருக்கலாம். அந்தக் காலத்து அச்சுல கேள்விக்குறியே கிடையாது" என்றார். அவருக்கு அது போதாது. எனக்குப் போதும். என்னை விடுவிக்கிற ஏடு அது. அதை வெட்டியது நீங்கள். எல்லாவற்றையும் யோசித்த நீங்கள், புத்தகத்தோடேயே பிறந்த நீங்கள், மூலையில் இருந்த சொல்லை மறந்துவிட்டீர்கள்.

ஏன் அண்ணா? மாஸ்லியா அத்திப்பழம் விற்கிறவர், நம் குடும்பத்துக்குக் குறைச்சல் என்றா? உங்கள் தங்கை மறுபடி மணப்பெண்ணாக நிற்பது உங்களுக்கு வெட்கமா? இறந்தவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று எழுதிக் கேட்கிறீர்கள். உயிரோடு இருக்கிற எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

எஸ்த்ரெயா

லிவோர்னோ
சீவான் மாதம்

எஸ்த்ரெயா,

உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்.

ரூபேன் உயிரோடு இருக்கிறார். மால்ட்டாவிலிருந்து மீட்டுவந்தவர்களில் ஒருவருக்குத் தன் பெயர்கூடத் தெரியவில்லை என்றார்கள். போய்ப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக, தாடியெல்லாம் வெளுத்து, மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். படகு கவிழ்ந்தபோது கொள்ளைக்காரக் கப்பல் ஒன்று அவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. "ரூபேன்" என்று கூப்பிட்டேன். என்னை ஏறிட்டுப் பார்த்து, "கப்பித்தான், தண்ணி எப்ப தருவீங்க?" என்றார். பக்கத்திலேயே குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. கொடுத்த ரொட்டியைச் சட்டைக்குள் ஒளித்துவைக்கிறார். நாங்கள் எல்லோருமே அவருக்கு அந்தக் கப்பலின் தலைவன், கப்பித்தான்தான்.

அன்று வீட்டுக்கு வந்து பெர்மூதெஸின் பதிலைப் படித்தேன். தடையற்றவள் என்றுதான் சொல்கிறார், அழகாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல். அதை அனுப்பினால் நீ மணந்துகொள்வாய், கணவன் உயிரோடு இருக்கும்போதே. அதில் பிறக்கிற பிள்ளைகளை நம் சபை பத்துத் தலைமுறைக்குச் சேர்க்காது. உண்மையைச் சொல்லலாம் என்றால், புத்தி பேதலித்தவன் கொடுக்கிற விவாகரத்து செல்லாது. அவர் இறக்கும்வரை நீ கட்டுண்டவள். ஒருவர் சாவதற்காக உன்னைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏடு தொலைந்தது என்றால் வலி கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று நினைத்தேன். புத்தகத்தை அனுப்பு என்றாய், கத்தியை எடுத்தேன். என் வாழ்நாளில் ஒரு தாளின் மேல் கத்தி வைத்தது அன்றுதான். அன்று அழுதது புத்தகத்துக்காகவா உனக்காகவா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஒரே ஒரு நம்பிக்கை இருக்கிறது. சில நாட்களில் அவருக்குப் புத்தி தெளிகிறது, கொஞ்ச நேரம்தான். தெளிந்த நேரத்தில் மனமொப்பிக் கொடுத்தால் விவாகரத்து செல்லும் என்கிறார்கள் இங்குள்ள ஹாக்காம்கள். அதற்குத்தான் அவர் பாட்டையும் சாப்பாட்டையும் கேட்டேன், அவற்றைக் கொண்டாவது அவரைத் திருப்பிக் கூப்பிட முடியுமா என்று.

வெட்டிய ஏட்டை இதோடு வைத்திருக்கிறேன். ஹாக்காமிடம் கொடு, ஒட்டிவிடட்டும்.

ஹஸ்தாய்

இஸ்மிர்
தம்மூஸ் மாதம்

அண்ணனுக்கு.

ஏட்டை ஹாக்காமிடம் கொடுத்தேன். கூடவே உங்கள் கடிதத்தையும் கொடுத்தேன். கடிதத்தை மறைத்து ஏட்டை மட்டும் கொடுத்திருந்தால் அன்றைக்கே விதவை ஆகியிருப்பேன். அந்த எண்ணம் எனக்கு வராமல் இல்லை. மாஸ்லியாவிடமும் சொல்லிவிட்டேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

விவாகரத்துப் பத்திரம் இங்கே வந்து சேருவதற்குள் அவர் புத்தி மறுபடி மாறிவிட்டால் அது செல்லாதாம். ஆகவே எனக்குப் பதிலாக அங்கேயே பெற்றுக்கொள்ள உங்களை நியமித்து, மன்றத்தில் சாட்சிகளோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கையில் அவர் வைத்தால் என் கையில் வைத்தது போல. எழுதுகிறவரையும் சாட்சிகளையும் தயாராக வைத்திருங்கள்.

அவருக்கு எலுமிச்சை பிழிந்த கத்தரிக்காய் பிடிக்கும். காரம் கூடாது.

எஸ்த்ரெயா

லிவோர்னோ
ஏலுல் மாதம்

அன்புத் தங்கைக்கு. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

தெளிந்தது. செவ்வாய்க்கிழமை காலை கத்தரிக்காயோடு போனேன். ஒரு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தவர், "ஹஸ்தாய் மச்சான்! ஏன் இப்படி நரைச்சுப் போயிட்டீங்க?" என்றார். ஆள் அனுப்பி எல்லோரையும் வரவழைத்தேன். ஊர் பேர், தகப்பனார் பேர், என்ன கிழமை, எல்லாம் கேட்டார்கள். பிசகாமல் சொன்னார். பிறகு, எழுதுகிற பெரியவர் கேட்டார்: "உன் மனைவி எஸ்த்ரெயாவ விலக்கி அனுப்ப உனக்கு மனசு ஒப்புதா?"

"எதுக்கு? அவ எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாளே" என்றார் ரூபேன். என் பக்கம் திரும்பினார். "காத்துக்கிட்டுத்தானே இருக்கா மச்சான்?"

வாயிலிருந்து "ஆமா" என்று வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல என்னால் முடியவில்லை. "அப்புறம் என்ன, அடுத்த கப்பல்ல போயிட வேண்டியதுதான்" என்று சிரித்தார். மனமொப்பாத விவாகரத்து கிடையாது. எழுதுகிறவர் மைக்கூட்டை மூடிவிட்டார். சாயங்காலத்துக்குள் நான் மறுபடி கப்பித்தான் ஆகிவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு.

ஹஸ்தாய்

இஸ்மிர், 5525
ஹெஷ்வான் மாதம்

அண்ணா,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருந்தால் கோபத்தில் எதையாவது எழுதிப் பாவம் சேர்ந்திருக்கும். பண்டிகைகள் முடியட்டும் என்று இருந்தேன்.

நான் காத்திருக்கவில்லை. முதல் வருஷம் ஒவ்வொரு கப்பலுக்கும் துறைமுகத்துக்கு ஓடினேன், அது உண்மை. பிறகு நின்றுவிட்டேன். அவர் குரலே எனக்கு மறந்துவிட்டது. அவரை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது, ஆனால் அது மனைவியின் வலி இல்லை. நல்ல மனிதருக்கு இப்படி ஆயிற்றே என்கிற வலி. எனக்கு வேண்டியது மாஸ்லியாவின் வீடு. அங்கே காலையில் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். அந்தப் பெண்களின் தலையை வார வேண்டும். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

நீங்கள் எல்லோருக்கும் இரக்கப்படுகிறீர்கள். எனக்கு இரக்கப்பட்டு ஏட்டை வெட்டினீர்கள். அவருக்கு இரக்கப்பட்டுப் பொய் சொன்னீர்கள். உங்கள் இரக்கத்துக்கெல்லாம் நான்தான் விலை கொடுக்கிறேன். மறுபடி தெளிந்தால் உள்ளதைச் சொல்லுங்கள், நான் கேட்கிறேன் என்று சொல்லுங்கள். கேட்ட பிறகும் மாட்டேன் என்றால் அது அவர் முடிவு, நான் ஏற்றுக்கொள்கிறேன். இனிமேல் யாரிடமும் எதையும் மறைக்காதீர்கள், என்னிடமும்தான். பூரிம்வரை பொறுப்பதாக மாஸ்லியா சொல்லியிருக்கிறார்.

முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள்.

எஸ்த்ரெயா

லிவோர்னோ
தெவேத் மாதம்

அன்புத் தங்கை எஸ்த்ரெயாவுக்கு.

கொடுத்துவிட்டார். பத்திரமும் லிவோர்னோ மன்றத்தின் சான்றும் தகரக் குழாயில் அடைத்து இதே கப்பலில் வருகின்றன. நீ விடுபட்டவள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை முற்பகல் தெளிந்தது. நீ சொன்னபடியே சொன்னேன். "ரூபேன், அவ காத்துக்கிட்டு இல்ல. அவளே கேக்கறா." "அவளே கேட்டாளா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப எழுதச் சொல்லுங்க மச்சான்" என்றார். பெரியவர் எழுதினார், சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். பத்திரத்தை என் உள்ளங்கையில் வைத்து, உன் பெயரைச் சொல்லி, "இனி அவ தடையற்றவள்" என்றார். குரல் தடுமாறவில்லை. எல்லோரும் வாழ்த்திவிட்டுப் படியிறங்கிப் போனார்கள்.

எதையும் மறைக்காதே என்றாய். ஆகவே இதையும் எழுதுகிறேன். கடைசி ஆள் படியிறங்கிய ஓசை அடங்குவதற்குள் ரூபேன் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "கப்பித்தான், அந்தக் காகிதம் யாரோடது?" என்றார்.

எப்போது போயிற்று அவர் புத்தி? படியிறங்கும்போதா, என் கையில் வைக்கும்போதேவா? முன்பே போயிருந்தால் அந்தப் பத்திரம் வெறும் தாள், உனக்குப் பிறக்கும் பிள்ளைகள் கதி நான் முன்பு எழுதியதுதான். மன்றத்தில் சொன்னால் மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். அவருக்கு இப்போது இரவும் பகலும் காய்ச்சல், இன்னொரு தெளிவு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. கேட்டது நான் ஒருவன்தான், இப்போது நீயும். சொல்வதா வேண்டாமா என்று நீ எழுது. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

ஹஸ்தாய்

இஸ்மிர்
அதார் மாதம், பூரிமுக்கு முன்

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை எஸ்த்ரெயா எழுதிக்கொண்டது. நீங்களும் உங்கள் வீட்டாரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

தகரக் குழாய் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஹாக்காம் பலோம்போ மூன்று முறை வாசித்து, எழுத்தில் ஒரு பிழைகூட இல்லை என்றார். எங்கள் திருமணம் பூரிம் முடிந்த வாரம். மாஸ்லியா உங்களுக்கு ஒரு பெட்டி அத்திப்பழம் அனுப்புகிறார், நல்ல ரகம். நாத்தனார் என் துணிமணிகளை அவள் கையாலேயே மடித்து வைத்தாள், பெருமூச்சு விடவில்லை.

அதே கப்பலில் உங்கள் கடிதம் ஒன்றும் வந்தது. கப்பல்காரன் பைக்குள் கடல்நீர் புகுந்துவிட்டது போலிருக்கிறது. மையெல்லாம் ஓடி, ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. முக்கியமாக ஒன்றும் எழுதியிருக்க மாட்டீர்கள் என்று நினைத்து அடுப்பில் போட்டுவிட்டேன். அதை மறுபடி எழுத வேண்டாம்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவரையும் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்குப் பார்லிக் கஞ்சி கொடுங்கள். அந்தக் காகிதம் யாருடையது என்று மறுபடி கேட்டால், என்னுடையது என்று சொல்லிவிடுங்கள்.

எஸ்த்ரெயா